பெரியவர் உப்பு

அண்ணன் எழுந்து நின்ற அன்று அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் ஆராய்ச்சிக்கூட இயக்குநருக்காகக் கைதட்டினார்கள். மீதி இரண்டு பேர் அண்ணியும் தங்கையும். அண்ணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தங்கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது என்று குறிக்கும் வேலை அவளுடையது.

பதினேழு வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று, ஒரு கையால் டிக்கெட் கிழித்து, மறு கையால் சில்லறை கொடுத்து, வாயால் முழு வண்டியையும் மேய்த்தவர். நாற்பத்தாறு வயதில் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பாயிற்று. கால், கழுத்து, முகம் என்று ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டன. உள்ளே ஆள் மட்டும் அப்படியே விழித்துக்கொண்டிருந்தார். அதை அவர் கண்ணில் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியவில்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் மேடையில் வைத்தே ஊசி போட்டார். பதினொன்று இருபதுக்கு விரல்கள் பிரிந்தன. பதினொன்றரைக்கு அண்ணன் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்தார். மேடையில் ஒரு நடை நடந்து விளிம்புக்கு வந்து முதல் வரிசை அறிஞர்களைப் பார்த்தார்.

"வாசல்லயே அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க சார், உள்ள போங்க. நடுவுல பந்து விளையாடுற அளவுக்கு இடம் கிடக்கு."

அறிஞர்கள் சிரித்தார்கள். இயக்குநர் குனிந்து வணக்கம் சொன்னார். எந்தச் சத்தம் கேட்டாலும் தனக்கான பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இயக்குநர் ஆவதில்லை.

ஊசியில் இருந்தது வெகு தூரத்துக் காட்டிலிருந்து வந்த ஒரு கொடியின் சாரம். அந்தக் காட்டு மக்கள் கொடியைத் தட்டி, ஏதோ ஒரு இலையையும் போட்டு, நாள் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். குடித்தால் மூடிய கண்ணுக்குள் காட்சிகள் தெரியுமாம். கொடியும் இலையும் சேர்ந்த மூட்டையாகத்தான் சரக்கு வந்து இறங்கியது. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தின் வரவுப் படிவத்தில் 'தாவரத்தின் பெயர்' என்பதற்கு ஒரே ஒரு கோடுதான். ஸ்டோர்காரர் அந்தக் கோட்டில் கொடியை எழுதினார். இலை, வழியில் கொடி உடையாமலிருக்க வைத்த திணிப்பு என்று தீர்மானித்து, கண்ணாடிக் குடுவைகள் அடுக்கும் பெட்டிக்கு மெத்தையாகப் போட்டுவிட்டார். சரக்கு அனுப்பியவர், 'இலை சேராமல் காட்சி வராது என்கிறார்கள்' என்று கடிதம் எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் இயக்குநர் பச்சை மையில் 'மூடநம்பிக்கை' என்று குறித்தார்.

கொடியிலிருந்து பொடி கிடைத்ததும் மூன்று சாட்சிகளை உட்காரவைத்து அதைத் தானே விழுங்கினார். காட்சி எதுவும் வரவில்லை. வாந்தி வந்தது, பிறகு தூக்கம் வந்தது. அந்த அனுபவத்தைப் பதினோரு பக்கம் எழுதினார். கட்டுரையில் 'எல்லையற்ற விரிவு' என்பது ஆறு இடத்தில் வந்தது. வாந்தி ஓரிடத்திலும் வரவில்லை.

பொடிக்குத் தன் பெயரையே வைத்தார். அதே கொடியை வேறு ஊர்களில் காய்ச்சிய இரண்டு பேர் அதே மாதிரி ஒரு பொடியை எடுத்து ஆளுக்கொரு பெயர் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெயருக்கு 'பிறர் மனதைப் படிக்கவைப்பது' என்று அர்த்தம். வைத்தவரின் மனதை யாராவது படித்திருந்தால் பெயர் அதோடு நின்றிருக்கும். இப்போது பாடநூலில் மூன்று பெயர், மூன்று பொருள். கூடத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும், இயக்குநரின் காது எட்டாத தூரத்தில், அதைப் 'பெரியவர் உப்பு' என்றார்கள்.

காட்சி காட்டாத அந்த உப்பு, கட்டிப்போன உடம்பைத் தளர்த்தும் என்று கண்டுபிடித்தது டாக்டர். கட்டுரையில் அவருக்கு அடிக்குறிப்பில் நன்றி உண்டு.

தங்கைக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் உருகுநிலை பார்க்கும் வேலை. ஒரு பொடி இன்னது என்று சொல்ல, அது எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் சிட்டிகைப் பொடியை அடைத்து, செம்புக் கட்டையின் ஓட்டையில் செருகி, அடியில் விளக்கேற்றி, பூதக்கண்ணாடி வழியாக அது சரிந்து விழும் கணத்துக்காகக் காத்திருப்பது. இருபது வருடம் காத்திருந்ததில் அவளுக்கு 'உருகுநிலையம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் எழுதிய எண்ணை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை.

அண்ணன் ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. போட்ட நாளில் பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை அண்ணன் அண்ணனாக இருப்பார். தானே முகம் மழித்துக்கொள்வார். தாழ்வாரத்தில் நடப்பார். இரண்டு நாள் வாய் திறக்காமல் சேர்த்துவைத்த சண்டையை அண்ணியோடு போடுவார். எல்லாவற்றையும்விட முக்கியம், சாப்பிடுவார். மற்ற நேரத்தில் தொண்டையும் விறைத்துக்கிடக்கும். ஒரு வாய் பால் இறங்கக் கால் மணி ஆகும். பாதி மூச்சுக்குழாய்க்குள் போய் மனிதர் நீலம் பாரித்துவிடுவார்.

"நேத்து என் மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போயிட்ட" என்றார் அண்ணியிடம் ஒருநாள். "சாயங்காலம் வரைக்கும் எதிர்வீட்டுக் குழாயையே பாத்துக்கிட்டு கிடந்தேன். சொட்டுச் சொட்டா ஒழுகுது."

"வெளிச்சமா இருக்கட்டுமேன்னு திருப்பினேன். அதுவும் குத்தமா?"

"குத்தம் சொல்லல. கீழ போய் அந்த வீட்டுக்காரன்கிட்ட வாஷர் மாத்தச் சொல்லிட்டு வா. என் உயிரை வாங்குறான்."

"நீங்க எந்திரிச்சாலும் எனக்குத்தான் வேலை, படுத்தாலும் எனக்குத்தான் வேலை."

அண்ணன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏய் வாலு, வாயை மட்டும் கட்டுற மாதிரி ஒரு ஊசி இருக்கான்னு உங்க பெரியவர்கிட்ட கேளேன். உங்கண்ணிக்கு."

"கேளு, கேளு" என்றாள் அண்ணி, ரொட்டியைப் பாலில் பிசைந்தபடி. "ரெண்டா வாங்கு. அந்தப் பெரியவருக்கும் ஒண்ணு போடலாம்."

அன்று டாக்டர் தங்கையைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னும் அஞ்சு ஊசிக்குத்தான் மருந்து இருக்கு. அடுத்த கொடி எப்ப?"

"ஆத்துல தண்ணி இறங்கிடுச்சாம் டாக்டர். படகு போகாதாம். ஏழெட்டு மாசம்ங்கறாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதிக்கு முன்னால் எல்லா டாக்டர்களின் கண்ணாடியிலும் தூசு படிந்துவிடுகிறது. "அவர் சாப்பிடறதே அந்த நேரத்துலதான். எடையைப் பாத்தீங்களா? ஊசி நின்னுட்டா மூணு வாரம். நல்லா பாத்துக்கிட்டா நாலு. இதுலயும் பாருங்க, முன்ன நாலு மணி நேரம் நின்னது இப்ப மூணுகூட நிக்கல. கொடி பழசாயிட்டு வருதுபோல."

அவள் கையில் அன்றைய காலிக் குப்பி இருந்தது. ஜன்னல் வெயிலில் அதைத் திருப்பினாள். ஒட்டியிருந்த கடைசித் துளியின் ஓரம் நீலமாக ஒளிர்ந்தது. ஒவ்வொரு முறையும் பார்க்கிற நீலம்தான். இதே நீலத்தைப் படிக்கிற காலத்தில் வேறொன்றில் பார்த்திருக்கிறோம் என்று அன்றுதான் தோன்றியது. சாய விதை. துணிக்குச் சிவப்பேற்றச் சாயக்காரர்கள் வாங்குவது. வறண்ட நிலமெங்கும் கேட்பாரற்று முளைக்கும் புதர். அதன் பொடியை எண்பது வருடத்துக்கு முன்பே யாரோ பிரித்தெடுத்து, பெயரும் வைத்து, அதைக் கொண்டு எதுவும் செய்யத் தோன்றாமல் செத்தும் போயிருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய அலமாரியில் அதில் ஒரு குப்பி உண்டு.

அடுத்த நாள் காலை இயக்குநர் அறையில் நின்றாள்.

"சார், ஒரு கலவை உருகுநிலை பாக்கணும். நம்ம உப்பையும் சாய விதை உப்பையும் கலந்து."

இது அவர்கள் தொழிலில் அரை மணி நேர வேலை. இரண்டு பொடியும் வேறு வேறு என்றால், கலந்ததும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு முன்னதாகவே இளகிவிடும். இரண்டும் ஒன்றேதான் என்றால், எப்படிக் கலந்தாலும் அதே சூட்டில்தான் உருகும். பொய் சொல்லத் தெரியாத சோதனை.

"சாய விதையா?" இயக்குநர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "உலகத்தோட அந்த மூலைக்கு ஆள் அனுப்பி, ஒருத்தன் காய்ச்சல்ல செத்து, ஒரு பொருளைக் கொண்டு வந்திருக்கோம். அது ரோட்டோரம் ஆடுகூட மேயாத புதர்ல இருக்குங்கறியா?"

"இருக்கான்னு பாக்கலாம்கறேன் சார்."

"ஏம்மா, விஞ்ஞானத்துல எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒப்பிட்டுக்கிட்டே இருந்தா எதையுமே கண்டுபிடிக்க முடியாதும்மா."

சொன்னது தனக்கே பிடித்துப்போய், அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"அண்ணனுக்கு அஞ்சு ஊசிதான் சார் இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சா சாயக்கடையில மூட்டை மூட்டையா வாங்கலாம்."

"உங்கண்ணனை நான் மறப்பேனா? மாநாட்டுல அவரைத்தான் முதல்ல மேடை ஏத்தப்போறேன்."

"மாநாட்டுக்கு ரெண்டு மாசம் இருக்கு. மூணு வாரம்தான்னு டாக்டர் சொல்றாரு."

"டாக்டருங்க எப்பவும் நாளைக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க."

அவள் கண் மேசை மேலிருந்த பெட்டிக்குப் போனது. உள்ளே பட்டுத்துணி விரித்து, அதன் நடுவில் மூன்று கிராம் பெரியவர் உப்பு, மாநாட்டுக்காக. "அப்ப அதுலேர்ந்தாவது கொஞ்சம்..."

"அது சாம்பிள்மா. அதைக் கரைச்சுட்டா மாநாட்டுல எதைக் காட்டுறது?"

அண்ணனைக் காட்டலாமே என்று அவள் சொல்லவில்லை. அண்ணன் இருந்தால்தானே என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்தாம் நாள் இயக்குநரின் வெள்ளிவிழா. எல்லோரும் கீழ்க்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவர் ஏற்புரை ஆற்றத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது என்பது இருபது வருட அனுபவம். பழைய அலமாரியின் சாவி கதவிலேயே தொங்கியது. அவள் மூன்று குழாய்களை நிரப்பினாள். இடதில் முன்பு சோதித்ததில் மிஞ்சிய சிட்டிகைப் பெரியவர் உப்பு, வலதில் பழைய குப்பியின் பொடி, நடுவில் இரண்டும் கலந்தது. விளக்கை ஏற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தாள்.

இருநூறு. இருநூற்று முப்பது. இங்கே நடுக்குழாய் இளகினால் அண்ணன் கதை முடிந்தது. ஐம்பது. அறுபது. கீழேயிருந்து கைதட்டல் வந்தது. இருநூற்று அறுபத்தொன்றில் மூன்றும் ஒன்றாகச் சரிந்தன.

மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார்.

"சாய விதையா! இத்தனை நாள் காட்டுக்குப் படகு விட்டுட்டு இருந்தீங்களே."

"நாலு நாள்ல பிரிச்சுக் கொண்டு வந்துடுவேன் டாக்டர். போட்டுடலாமா?"

"எனக்குப் போடணும்னுதான் ஆசை. ஆனா உங்க பெரியவர் கையெழுத்து இல்லாம ஒரு துளிகூட நான் ஏத்த முடியாதும்மா. அவர் கூடத்துலேர்ந்து வர்ற மருந்து. காகிதம் இல்லாம போட்டேன்னு தெரிஞ்சா மருந்தையே நிறுத்திப்புடுவாங்க."

கையெழுத்து. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் அவள் தலையில் சுற்றியது.

இயக்குநர் அவள் குறிப்பேட்டை இரண்டு முறை படித்தார். முதலில் வெப்பமானி தப்பு என்றார். அது தன் கையால் சரிபார்த்தது என்றாள். பிறகு பழைய குப்பியில் கலப்படம் என்றார். அப்படியானால் முன்னாலேயே இளகியிருக்கும் என்றாள். அப்புறம் குறிப்பேட்டை மூடி மேசைமேல் வைத்தார். முகத்திலிருந்து இயக்குநர் இறங்கிப்போய், அங்கே வயதான ஒரு மனிதர் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு இயக்குநர் திரும்பி வந்துவிட்டார்.

"கொஞ்சம் வேற மாதிரி யோசிச்சுப் பாரும்மா. சாய விதையில இருக்கறது நம்ம உப்புக்கு ஒரு தம்பின்னு வெச்சுக்குவோம். ரொம்ப நெருங்கின தம்பி. ஆனா தம்பிதான். நடுக்குழாய் ஒரு நாப்பத்திமூணுல இளகுச்சுன்னு எழுதிடு. அதுக்கும் ஒரு பேர் வெச்சு, 'மருத்துவ உபயோகத்துக்கு உகந்தது'ன்னு நானே டாக்டருக்கு லெட்டர் தரேன். இன்னிக்கே."

"கையெழுத்தோடயா?"

"முத்திரையோட."

அவள் பேனாவைத் திறந்தாள். இருபது வருடத்தில் ஒரு பாகைகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள், இருநூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அண்ணனின் வியாதியோ என்று பயந்திருப்பாள். அந்த நேரத்தில் கழுதைக்குக் கொம்பு முளைத்தது என்று எழுதச் சொல்லியிருந்தாலும் கொம்பின் நீளத்தைக் கேட்டு எழுதியிருப்பாள்.

நான்கு நாள் தூங்காமல் சாய விதையைக் காய்ச்சி, வடித்து, பிரித்து, வெள்ளை வெளேரென்று ஒரு குப்பி நிறையக் கொண்டுபோனாள். கூடவே கடிதம். கடைசி ஊசி போட்டு அன்றோடு இரண்டு நாள் ஆகியிருந்தது.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். சந்தோஷம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"இது புது உப்புன்னு போட்டிருக்கே."

"பேர் எதுவா இருந்தா என்ன டாக்டர்? கையெழுத்து இருக்குல்ல?"

"பேர் புதுசுன்னா முயலுக்குப் போடணும்மா. ஆறு வாரம் முயலுக்கு, அப்புறம் குழுவுக்கு. அப்புறம்தான் மனுஷனுக்கு. பழைய உப்புதான்னு எழுதியிருந்தா இந்த நிமிஷமே போட்டிருப்பேன். அதுக்கு அனுமதி போன வருஷமே வாங்கியாச்சே!"

அவள் கடிதத்தின்மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அது பொய் டாக்டர். நான் எழுதினது பொய். ரெண்டும் ஒண்ணுதான். அன்னிக்கு ஓடி வந்து சொன்னேனே."

"சொன்னீங்க. அப்புறம் எழுத்துல வேற மாதிரி கொடுக்கறீங்க. இப்ப மறுபடி அது பொய்ங்கறீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உருகுநிலையம்மா எழுதினா சரியா இருக்கும்னு நம்பித்தான் இத்தனை நாள் உங்கண்ணன் உடம்புல மருந்து ஏத்தினேன். இப்ப நீங்க எழுதினதை நம்பட்டுமா, சொல்றதை நம்பட்டுமா? வேற ஏதோ ஒண்ணா இருந்து, ஏத்தினதும் இதயம் நின்னுட்டா?"

உள்ளே அண்ணி கத்தினாள். இருவரும் ஓடினார்கள். ஒரு கரண்டிப் பால்தான். அண்ணன் முகம் ஊதா நிறத்தில் இருந்தது. நர்ஸும் டாக்டரும் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள். மூச்சு திரும்பியதும், விறைத்த அந்த முகத்தில் கண்கள் மட்டும் தங்கையைத் தேடி வந்து நின்றன. அவற்றில் ஒரு கேலியும் இல்லை.

"என்னை நம்பாதீங்க டாக்டர்" என்றாள். "கட்டையை இங்கயே கொண்டு வரேன். நீங்க உங்க கண்ணால பாருங்க."

செம்புக் கட்டை ஒன்பது கிலோ. துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூட வாசலுக்கு வந்தபோது காவலாளி வழிமறித்தான்.

"என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?"

"இருபது வருஷ சர்வீஸ்."

அவன் புரியாமல் சிரித்து வழிவிட்டான். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகச் சொல்லிக் கண்டக்டர் விரட்டினார், போனாள்.

ஊசித் தட்டு வைக்கும் தள்ளுவண்டியில் கட்டையை வைத்து விளக்கேற்றினாள். வார்டில் நெருப்பு கூடாது என்றாள் நர்ஸ். டாக்டர் நர்ஸை வெளியே போகச் சொன்னார். குழாய்களைத் தன் கையாலேயே நிரப்பினார். பெரியவர் உப்பு என்று அவரிடம் இருந்தது பழைய குப்பிகளின் அடியில் சுரண்டிய தூள் மட்டும்.

"நீங்க கிட்ட வரவேண்டாம். அங்கயே நில்லுங்க" என்றார். அவள் அண்ணனின் கால்மாட்டில் நின்றாள்.

"அண்ணி, என்ன நடக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"எனக்கே புரியலயேடி. என்னத்தைச் சொல்ல? உங்க தங்கச்சி அடுப்பு மூட்டியிருக்கா, அவ்ளோதான்" என்று அண்ணனின் காதில் சொன்னாள் அண்ணி.

டாக்டர் கண்ணை எடுக்காமல் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். "இருநூத்தி முப்பது... நாப்பது... நாப்பத்தி மூணு." நிறுத்தி மறுபடி பார்த்தார். "தாண்டிடுச்சு. ஒண்ணும் ஆகல." அவள் எழுதிய பொய்யை அண்ணனுக்கு முன்னால் ஒரு கட்டை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "ஐம்பத்தஞ்சு... அறுபது..."

"விழுந்துடுச்சு" என்றார். "மூணும். ஒண்ணா."

கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதை நான் இன்னும் படிக்கல. பழைய உப்புன்னு பழைய அனுமதியிலயே போடறேன், இதை நாளைக்குப் படிக்கறேன். பெரியவர் கேட்டா?"

"அவருக்கென்ன டாக்டர், ரெண்டு உப்பு இருக்கு."

ஊசி பன்னிரண்டு பத்துக்குப் போட்டார். வழக்கமாக இருபது நிமிடம். இருபதில் எதுவும் இல்லை. இருபத்தைந்தில் இல்லை. அண்ணி ரொட்டிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கைகாட்டி விழக் காத்திருக்கும் ரயில் எஞ்சின்போல நின்றாள். முப்பத்தொன்றில் வலது கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். பிறகு உதடு.

"பசிக்குது" என்றார் அண்ணன்.

அண்ணி சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, கிண்ணம் ஆடியது. நான்கு தலையணை வைத்து உட்காரவைத்து ஊட்டினாள். அண்ணன் முழுங்கினார். இருமல் இல்லை. இன்னொரு வாய். இன்னொன்று.

"என்னடி வாலு, மூஞ்சி இப்படி செத்துக்கிடக்கு? நீ சாப்பிட்டியா?"

"நீங்க சாப்பிடுங்கண்ணே. இனிமே கவலையே இல்ல. மூட்டை மூட்டையா மருந்து இருக்கு."

"மூட்டையா! லக்கேஜ் டிக்கெட் போடணுமே."

டாக்டர்கூடச் சிரித்தார். இரண்டாவது கிண்ணம் வந்தது. அண்ணன் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டார். ஐந்தாவது வாய்க்குக் கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். அண்ணி அதை வாங்கித் தானே ஊட்ட ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் அசைந்ததிலிருந்து நாற்பத்திரண்டு நிமிடம்.

டாக்டர் அவளை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். "உப்பு வேற மாதிரி இருக்கோ?" என்றார் தணிந்த குரலில்.

"உப்பு அதேதான். நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்." படுக்கையைத் திரும்பிப் பார்த்து, "அப்ப கொடி பழசானதால இல்ல" என்றார். "நாலு மணி நேரம் மூணானதும், மூணு ரெண்டானதும். உடம்புதான் பழகிட்டு வருது."

அவளுக்கு அது அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வேறு உப்பு என்று இருந்திருந்தால் இன்னும் நல்ல உப்பு ஒன்றைத் தேடியிருக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று ஒன்பது கிலோ சுமந்து வந்து நிரூபித்தது அவள்தான்.

"இன்னொண்ணு போடுங்க" என்றாள்.

"ஒரே நாள்ல ரெண்டா?"

"போடுங்க டாக்டர். சாயங்காலமும் போடுங்க. நாப்பது நிமிஷம்னா நாப்பது நிமிஷம். அதுக்குள்ள ஊட்டிடுவோம். அரை மணியானாலும் ஊட்டிடுவோம். மருந்துக்கா பஞ்சம்?"

டாக்டர் குப்பியைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று கழுத்துவரை இருந்தது. ஊசியைக் கழுவப் போனார்.

"அவசரப்படாத" என்றார் அண்ணன் அண்ணியிடம். வார்த்தை குழறியது. "முழுங்க... விடு."

"பேசாதீங்க. வாயைத் திறங்க. இன்னும் ரெண்டே வாய்."

அவர் திறந்தார். கரண்டி உள்ளே போனது. உதடு மூடியது, பல் மூடியது, பிறகு திறக்கவில்லை. அண்ணி இழுத்துப் பார்க்கவில்லை. காம்பைப் பிடித்தபடி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, வாயில் இருந்ததாவது இறங்குமா என்று தொண்டையில் மறுகையை வைத்துக் காத்திருந்தாள்.

"இறங்குதா அண்ணி?"

"இரு" என்றாள் அண்ணி. "பேசாம இரு."